சட்டைக்குள் மறைத்த சங்கதி

குருவாயூருக்கு அந்த நண்பர் எங்களோடு நான்கு முறை வந்திருக்கிறார். நான்கு முறையும் கோயிலுக்குள் வரவில்லை. எர்ணாகுளத்தில் காலைப் பாசஞ்சரைப் பிடித்து, வழியெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு வருவார். கோயில் நடை தெரிந்ததும், "நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி, செருப்பையெல்லாம் நான் பார்த்துக்கிடுதேன்" என்று ஓரமாக உட்கார்ந்துவிடுவார். சாமி நம்பிக்கை இல்லாதவர் என்று எங்களில் சிலர் முடிவு கட்டிவிட்டோம். ஒரு தடவை, பங்காளி வீட்டில் தீட்டு என்று அவரே காரணம் சொன்னார். நாலு தடவையுமா தீட்டு வரும்?

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு, சுக்குக் கிடங்கு ஒன்றில் அவர் கணக்கு எழுதுகிறார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். வயது 36. அந்தக் கிடங்கில் மூட்டை சுமப்பவர்கள் இடுப்புக்கு மேல் ஒன்றும் போடுவதில்லை. மிளகுத் தூசியும் வியர்வையும் கலந்தால் உடம்பில் துணி நிற்காது. அந்தப் புழுக்கத்தில் இவர் மட்டும் உள்ளே இரண்டு பனியன், மேலே முழுக்கைச் சட்டை என்று இருப்பார்.

சென்ற ஆண்டு போர்ட் கொச்சியில் உள்ள டோபி கானாவைப் பார்த்து எழுதப் போனபோது அவரைத் துணைக்கு அழைத்துப் போனேன். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் துணியை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். 1976-ல் அவர்களுக்காகக் கட்டிக்கொடுத்த துறை அது. துவைகல்லில் நின்ற ஒருவர் விளையாட்டாக, "சட்டை நனைஞ்சுபோச்சே, கழட்டிக் குடுங்க, அலசித் தாரேன்" என்று கையை நீட்டினார். நண்பர் இரண்டடி பின்னால் போனார். முகம் வெளுத்துவிட்டது. அன்று மாலை கடற்கரையில் சீன வலைகளைப் பார்த்தபடி அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரை. பெயரும் ஊரும் போடாமல் எழுதச் சம்மதித்தார். "என்னை மாதிரி எத்தனை பேரு இருப்பானுவளோ, எழுதுங்க" என்றார்.

பதின்மூன்று வயதில் அவருக்கு மார்பு இரண்டும் பெண்பிள்ளைகளுக்குப் போல வளரத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அது என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் எழுதமாட்டேன். அன்றிலிருந்து குளத்தில் குளிப்பதை விட்டார். திருச்செந்தூரிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். அதனால் முருகனும் அவருக்குத் தூரமாகிவிட்டார். வேலை கிடைத்ததோ கோயிலுக்குக் கோயில் சட்டையைக் கழற்றச் சொல்லும் கேரளத்தில்! பூணூல் உண்டா என்று பார்க்க வந்த வழக்கம் இது, இதை நிறுத்தவேண்டும் என்று 2024 டிசம்பர் 31-ந் தேதி சிவகிரி மடத்துத் தலைவர் சச்சிதானந்த சுவாமி பேசியதும், முதல் மந்திரி பினராயி விஜயன் அதை ஆதரித்ததும், நாயர் சமாஜத்தார் எதிர்த்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த வாதத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு ஆள் மட்டாஞ்சேரியில் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்.

இருபது வருஷத்துக்கு மேல் மறைத்தவர் ஏன் இப்போது வாயைத் திறந்தார்? ஊரில் அவருடைய பெரியப்பா ஒருவர். வயது 64. ஒரு வருஷமாகத் தோளில் துண்டு போடாமல் வெளியே வந்ததில்லையாம். இடது மார்பில் காம்பை ஒட்டி ஒரு கட்டி. வலி கிடையாது. வலி இல்லாததால் பயமும் வரவில்லை. பெரியம்மா துணி துவைக்கும்போது பனியனில் கறையைப் பார்த்திருக்கிறார். வெற்றிலைக் கறை என்று நினைத்துச் சோப்புப் போட்டுக் கசக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அக்குளில் நெறி கட்டியிருந்தது. மார்பகப் புற்றுநோய் என்றார்கள். "பொம்பளை சீக்கு எனக்கா?" என்றுதான் அவர் முதலில் கேட்டாராம்.

அமெரிக்கப் பாடகி பியான்சேயின் தகப்பனார் மாத்யூ நோல்ஸ் 2019-ல் தமக்கு இதே நோய் வந்ததை வெளியில் சொன்னார். அவருக்கும் முதல் அடையாளம் சட்டையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்த ரத்தம்தான்.

பெரியப்பாவின் செய்தி வந்த நாள் முதல் நண்பருக்குத் தூக்கம் போய்விட்டது. "அவருக்கு ஒரு பக்கம், எனக்கு ரெண்டு பக்கமும்லா இருக்கு" என்றார். நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சீட்டு எழுதும் இடத்தில் ஒரு பெண். வரிசையில் பின்னால் இருபது பேர். விஷயத்தைச் சொல்ல நா எழாமல், "நெஞ்சில் ஒரு இது" என்றாராம். நெஞ்சு வேதனை என்று அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் நண்பரைப் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்துவிட்டார்கள்! இருதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வீடு திரும்பினார்.

இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். பிறகு நானே கூடப் போனேன். "முலைக்காம்புக்கு அடியில் கட்டி, சர்ஜனைப் பார்க்கவேண்டும்" என்று சொன்னால் போதும். மலையாளத்திலும் அந்தச் சொல் கிட்டத்தட்ட நம்முடைய சொல்தான்.

சர்ஜன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தார். காம்புக்கு நேர் அடியில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வட்டத் தகடுபோல ரப்பர் பதத்தில் இருந்தால் அது சுரப்பித் திசு. வெறும் கொழுப்பாக இருந்தால் அந்தத் தகடு தட்டுப்படாது. நண்பருக்குத் தட்டுப்பட்டது. அடுத்து விரையையும் பரிசோதித்தார். நண்பருக்கு ஒன்றும் புரியவில்லை. விரையில் சிறு கட்டி இருந்தாலும் அது ஹார்மோனைக் கெடுத்து மார்பை வளரச் செய்யும் என்பதால் அதைப் பார்க்காமல் விடக்கூடாதாம். ஸ்கேன், ரத்தத்தில் ஹார்மோன்கள், தைராய்டு, ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்தார்கள். மார்பு ஸ்கேனுக்காகப் பெண்கள் வரிசையில் இரண்டு ஆண்களாக உட்கார்ந்திருந்த அரை மணி நேரம்தான் பெரிய பரீட்சை. ஒரு பாட்டி எங்களைப் பார்த்து, "யாருக்கு சுகமில்லை, மனைவிக்கா?" என்று மலையாளத்தில் அன்பாகக் கேட்டார். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

முடிவு: புற்றுநோய் இல்லை. இளம் பருவத்தில் வந்து வற்றாமல் நின்றுவிட்ட மார்பு வளர்ச்சி. டாக்டர்கள் இதைக் கைனகோமாஸ்டியா என்கிறார்கள். கிரேக்க வைத்தியர் காலென் வைத்த பெயர் அது. ஏழாம் நூற்றாண்டிலேயே ஈஜினா தீவின் பால் என்ற வைத்தியர் இதற்கு ஆபரேஷன் செய்யும் முறையை எழுதிவைத்திருக்கிறார். ஆக, நமது நண்பருக்கு மட்டும் வந்த அவமானம் அல்ல.

ஆண் உடம்பிலும் பெண் ஹார்மோன் கொஞ்சம் உண்டு. தராசில் ஆண் ஹார்மோன் தட்டு தாழ்ந்திருக்கும் வரை மார்பு சும்மா இருக்கும். அந்தத் தட்டு லேசானால் வளரும். பிறந்த ஆண் குழந்தைக்குத் தாயின் ஹார்மோனால் மார்பு வீங்கும். சில வாரங்களில் தானே வற்றும். நம் ஊர்க் கிழவிகள் அதைப் பிதுக்கி விடுவார்களே, அதனால் சீழ் பிடிக்கும், செய்யவே கூடாது. பதின்மூன்று, பதினாலு வயதுப் பையன்களில் பலருக்கு வந்து ஆறு மாதம் முதல் இரண்டு வருஷத்துக்குள் போய்விடும். வயதான காலத்தில் மறுபடி வரலாம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியச் சிறைகளில் பட்டினி கிடந்த அமெரிக்க வீரர்களுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கத் தொடங்கியபோது மார்பு வீங்கிய விநோதத்தை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். பட்டினியில் அடங்கிப்போன சுரப்பிகள் மறுபடி விழித்துக்கொண்டபோது, இளம் பருவம் இரண்டாம் தடவை வந்ததுபோல ஆகிவிட்டது.

நம்மவர்கள் கவனிக்கவேண்டியது குடி. தினமும் குடித்து ஈரல் கெட்டால் பெண் ஹார்மோன் உடம்பில் தேங்கும். ஆண் ஹார்மோன் சுரப்பதும் குறையும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இருதயக்காரர்களுக்கும் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன், படைக்குக் கொடுக்கும் கீட்டோகோனசோல் மாத்திரை, புராஸ்டேட் மருந்துகள் சில ஆகியவற்றாலும் மார்பு வளர்வதுண்டு. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். உடற்பயிற்சிக் கூடங்களில் சதை ஏற இளைஞர்கள் போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறதே, அந்த ஆண் ஹார்மோன் உடம்புக்குள் போய்ப் பெண் ஹார்மோனாக மாறி மார்பை வளர்த்துவிடும். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது மருத்துவப் பரிசோதனையில் இதற்காகப் பையன்களைத் திருப்பி அனுப்புவதும் உண்டு.

சாதாரண மார்பு வளர்ச்சி புற்றுநோயாக மாறுவது கிடையாது. மார்பகப் புற்றுநோய் கண்ட நூறு பேரில் ஆண் ஒருவர் இருந்தால் அதிகம். ஆனால் சிலருக்கு எச்சரிக்கை வேண்டும். 1942-ல் பாஸ்டனில் ஹாரி கிளைன்பெல்டர் என்ற டாக்டர் ஒன்பது ஆண்களை வைத்து ஒரு கோளாறை விவரித்தார். உயரமான உடல்வாகு, சிறிய விரை, மார்பு வளர்ச்சி, குழந்தைப்பேறு இன்மை. பிறவியிலேயே எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே காரணம் என்று 1959-ல் தெரிந்தது. இவர்களுக்கு மற்ற ஆண்களைவிட மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. பிஆர்சிஏ-2 என்ற மரபணுவில் பழுது உள்ள குடும்பத்தாருக்கும் அப்படியே. நோல்ஸுக்கு இருந்தது இந்தப் பழுதுதான்.

ஆகவே ஒரு ஆணுக்கு இந்த நோய் வந்தால் அது வீட்டுப் பெண்களுக்கும் ஒரு செய்தி. பெரியப்பாவுக்கு இரண்டு பெண்கள். நண்பர் இதை அவர்களுக்குப் போனில் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் யோசித்தார். கடைசியில் பெரியவளிடம் சொல்லிவிட்டார். அவள் அழவில்லையாம், எந்த டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் கேட்டாளாம்.

ஒரு பக்கம் மட்டும், காம்புக்குச் சற்று விலகி, கல்போலக் கெட்டியாக, வலியில்லாத கட்டி, உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பில் ரத்தம், ஆறாத புண், அக்குளில் நெறி. இவற்றில் ஒன்று இருந்தாலும், அறுபதை எட்டியவராக இருந்தால் மேலும் விரைவாக, சர்ஜனிடம் போய்விடவேண்டும். மட்டாஞ்சேரிக்காரர்களுக்குப் பக்கத்தில் கருவேலிப்படி சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. அப்புறம் எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரி. களமசேரியில் மெடிக்கல் காலேஜும் கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையமும். ஊருக்குப் போகிறவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு இன்ஸ்டிடியூட் இருக்கிறது.

நண்பருடையது பழையது; நாராகக் கெட்டித்துவிட்டதால் இனி மாத்திரை கேட்காது. வேண்டுமானால் காம்பின் ஓரத்தில் சிறிதாகக் கீறிச் சுரப்பியை எடுத்துவிடலாம். "சீக்குக்காக அல்ல, மனசுக்காக" என்றார் டாக்டர். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

பெரியப்பா மாசி மாதம் காலமானார். கருமாதி முடிந்து திரும்பியதும், குருவாயூர் போகலாம் என்று நண்பரே கூப்பிட்டார். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றினாலும் மேலே ஒரு சிறு துண்டைப் போர்த்திக்கொள்ளத் தடை இல்லை. அது அவருக்கு முன்பே தெரியும். "கூட்டத்துல துண்டு நழுவிட்டா என்ன செய்ய, அண்ணாச்சி?" என்பதுதான் இத்தனை வருஷப் பயம். இந்தத் தடவை துண்டின் இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. செருப்புக்கு நான் காவல் இருந்தேன்.