தணிக்கைக்குத் தப்பிய ஈக்கள்

1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் துருக்கியின் கலிபோலிக் கரையில் இறங்கினார்கள். அந்தச் சேதியை ஆஸ்திரேலியர்கள் விரிவாகப் படித்தது மே 8-ஆம் தேதிப் பத்திரிகைகளில். எழுதியவர் எல்லிஸ் ஆஷ்மீட்-பார்ட்லெட் என்ற ஆங்கிலேய நிருபர். அன்றைய பகலைக் கப்பலில் இருந்தபடியே பார்த்தவர். காலையிலேயே கரையேறியிருந்த ஆஸ்திரேலிய அரசின் நிருபர் சார்ல்ஸ் பீனின் செய்தி, அனுமதிச் சிக்கலில் மாட்டிக்கொண்டு பின்தங்கிவிட்டது. பார்ட்லெட்டின் செய்தியில் குண்டடி பட்டவர்கள்கூட ஆரவாரம் செய்தார்கள். படையினர் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்புகிறவர் அந்தப் பக்கத்தைத் தாண்டி, சின்ன ஊர்களின் சின்னப் பத்திரிகைகளுக்குப் போக வேண்டும். மகனிடமிருந்து கடிதம் வந்தால் அதை எடுத்துப்போய்ப் பத்திரிகை அலுவலகத்தில் கொடுப்பது அன்றைக்குப் பல பெற்றோரின் வழக்கம். பத்திரிகைக்காரருக்கும் செலவில்லாமல் பத்தி நிறைந்தது. இன்று அந்தப் பத்திரிகைகளில் பலவற்றை ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ இணையத் திரட்டில் யாரும் படிக்கலாம்.

அந்தக் கடிதங்கள் சண்டையைப் பற்றி மோசமான சாட்சி, வாழ்க்கையைப் பற்றி நல்ல சாட்சி என்பது என் கட்சி. தணிக்கை அதிகாரி தேடியது இடப்பெயர், படையின் எண்ணிக்கை, அடுத்த நகர்வு. பத்திரிகை ஆசிரியர் தேடியது வீரம். ஜாம் டின்னைத் திறந்ததும் வாய்க்குள் போவதற்கு முன்பே அதைக் கறுப்பாக மூடிய ஈக்களைப் பற்றி இருவருக்கும் அக்கறை இல்லை. ஆகவே ஈக்கள் தப்பித்து அச்சுக்கு வந்துவிட்டன. பல்லை உடைக்கும் பிஸ்கோத்து, வெயிலில் உருகி ஒழுகும் டின் மாட்டிறைச்சி, கடல் தாண்டிப் படகில் வந்து அளந்து ஊற்றப்பட்ட தண்ணீர் எல்லாம் அப்படித்தான் வந்தன. தண்ணீருக்குப் பஞ்சம் என்பதால் கடலில் குளித்தார்கள். குளிக்கும் இடத்திலும் துருக்கிய பீரங்கிக் குண்டு விழுந்தது. நவம்பர் கடைசியில் பனிப்புயல் வந்தபோது, பனியை வாழ்நாளில் பார்த்திராத பல ஆஸ்திரேலியர்கள் அதைப் போர்ச் செய்திக்குச் சமமாக எழுதினார்கள். ஒரு மனிதன் எதைத் தின்றான், எங்கே தூங்கினான், எதற்கு ஏங்கினான் என்பதில் பொய் சொல்ல அவனுக்குப் பெரிய காரணமும் இல்லை.

அம்மாவுக்கு எழுதுகிறவன் உண்மையை எழுதுவானா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடிதத்தை முதலில் படிப்பவர் அவனுடைய சொந்தப் படைப்பிரிவின் அதிகாரி. வேறு வழியில் போக நினைத்தால் கையில் கிடைப்பது அச்சடித்த அட்டை. ‘நலம்’, ‘மருத்துவமனையில் இருக்கிறேன்’ என்ற வரிகளில் பொருந்தாததை அடித்துவிட்டு அனுப்ப வேண்டியது, ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை போகாது. இதைவிடக் கடினமான சிக்கல் இன்னொன்று உண்டு. ஊரிலிருந்து பத்திரிகைக் கட்டுகள் போர்முனைக்கும் போயின. தன்னைப் பற்றி அச்சான புகழைப் படித்தவன் அதே சொற்களில் வீட்டுக்கு எழுத, அது மறுபடி அச்சேறியது. இதற்கு மருந்து கடிதத்தின் தேதி. ஆஸ்திரேலியாவிலிருந்து தபால் கப்பல் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மே மாதத்தில் அகழியிலிருந்து எழுதியவன் மே 8-ஆம் தேதிப் பத்திரிகையைப் பார்த்திருக்க வழியில்லை. ஆகஸ்டில் எழுதியவன் பார்த்திருக்கலாம். பத்திரிகையின் தேதியைப் பார்த்து ஏமாறாமல் கடிதத்தின் தேதியைப் பிடித்துக்கொண்டால், கண்டதையும் படித்ததையும் ஓரளவு பிரித்துவிட முடியும்.

பத்திரிகை சொல்லாமல் விட்டது ஏராளம் என்பதை மறுக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. கலிபோலிக்கு முன்பு கெய்ரோ அருகே முகாமிட்டிருந்தபோது சிலர் குடித்துக் கும்மாளமடித்ததைப் பீன் எழுதினார். 1915 ஜனவரியில் அது அச்சானதும் படையினரே அவர்மேல் பாய்ந்தார்கள். வீட்டார் படிப்பார்களே என்ற கோபம். பால்வினை நோயால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதுவது அரிது. தலைமையின் தவறுகளும் அப்படியே: செப்டம்பரில் பத்திரிகையாளர் கீத் மர்டாக் ஆஸ்திரேலியப் பிரதமருக்கு எழுதிய நீண்ட கடிதம் போர் நடத்திய விதத்தைக் கிழித்தது, ஆனால் அது செய்தியாக அல்ல, அந்தரங்கக் கடிதமாகப் போனது. அதனால்தான் வரலாற்றாசிரியர் பில் கேமேஜ் 1974-இல் வெளியிட்ட ‘தி ப்ரோக்கன் இயர்ஸ்’ நூலுக்குச் சுமார் ஆயிரம் படையினரின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தேடிப் போனார். ஆனால் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எல்லோருக்கும் கிடையாது. தகரப் பெட்டிக்குள்ளேயே செல்லரித்துப்போன எத்தனையோ கடிதங்களில் இன்று மிஞ்சியிருப்பது அந்த ஊர்ப் பத்திரிகை அச்சடித்த பாதிதான். பாதியை வைத்துக்கொண்டு முழுசு என்று சொல்வது தவறு. பாதி என்பதற்காகத் தூக்கி எறிவதும் விவேகமல்ல.

கலிபோலியில் இந்தியர்களும் இருந்தார்கள்: சீக்கியர்கள், கூர்க்காக்கள், மலைப் பீரங்கிப் படையினர், கோவேறு கழுதைகளில் தண்ணீரும் குண்டும் சுமந்து மேடேறியவர்கள். இந்தியச் சிப்பாய்களின் குடும்பக் கடிதங்கள் பொதுவாக ஊர்ப் பத்திரிகைக்குப் போகவில்லை. பிரான்சிலிருந்து அவர்கள் எழுதியவற்றைத் தணிக்கை அலுவலகம் ஆங்கிலத்தில் பெயர்த்து, அரசு விசுவாசம் குறைகிறதா என்று பார்க்கப் பகுதி பகுதியாக அறிக்கையில் சேர்த்தது. அந்த அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆஸ்திரேலியனின் கடிதத்தைத் தாய் கொண்டுவந்து கொடுத்தாள், இந்தியனின் கடிதத்தை அரசு பிரித்துப் படித்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. ஆனால் கலிபோலி இந்தியர்களின் அன்றாடத்துக்கு ஆஸ்திரேலியர்கள் எழுதிவைத்ததும் ஒரு சாட்சி. பிஸ்கோத்து சலித்துப்போனவர்கள் இந்தியர்களின் முகாமுக்குப் போய் ஜாமைக் கொடுத்துச் சுடச்சுடச் சப்பாத்தி வாங்கித் தின்றார்கள். சப்பாத்தியின் ருசியை எழுதியவர்கள், அதைச் சுட்டவரின் பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை.