நிரை நிரையாக வளரும் அணி

சென்ற வாரம் ஒரு கோப்பைத் திறந்து, அதிலிருக்கும் அன்றைய மழையளவுகளைப் படித்தெடுப்பது வரை வந்தோம். இந்த வாரம் அதே வேலையை 10,000 நாள்களுக்குச் செய்யப்போகிறோம். நாளுக்கு ஒரு கோப்பு. ஒவ்வொன்றிலும் 100 மழைமானிகளின் அளவு. நாள் ஒரு நிரை, மானி ஒரு நிரல் என்று எல்லாம் ஒரே அணிக்குள் வந்துவிட வேண்டும்.

இதற்கு முதலில் தோன்றும் வழி, காலி அணியோடு தொடங்கி, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் புதிய நிரையைக் கீழே ஒட்டுவது. ஆர் மொழியில் ஆர்பைண்ட், பைத்தானின் நம்பையில் வீஸ்டாக், மேட்லேபில் சதுர அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும். விடை சரியாகவே வரும். 100 கோப்புகளில் சோதித்தால் ஒரு குறையும் தெரியாது. 10,000 கோப்புகளைக் கொடுத்தால்தான் போகப்போக ஓட்டம் தளர்வது கண்ணுக்குத் தெரியும்.

காரணம் நினைவகத்தில் இருக்கிறது. அணியின் எண்கள் இடைவெளியில்லாமல் ஒரே தொடராக உட்கார வேண்டும். பக்கத்து மனை நமதில்லை என்பதால், ஓர் அறை கூட்டுவதற்காக வேறிடம் வாங்கி வீட்டையே மறுபடி கட்டுவது போன்றது, ஒரு நிரையை ஒட்டுவது. பழைய எண்கள் அத்தனையும் புதிய இடத்துக்கு நகலாகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் எண்ணுக்கு 8 பைட், ஒரு நிரைக்கு 800 பைட். முடிந்த அணி வெறும் 80 லட்சம் பைட்தான். ஆனால் முதல் சுற்றில் 1 நிரை, இரண்டாவதில் 2, கடைசியில் 10,000 என்று எழுதிக்கொண்டே போனால், மொத்தம் 5 கோடி நிரைகளுக்கு மேல் எழுதப்படுகின்றன. அதாவது ஏறக்குறைய 4,000 கோடி பைட். நாள்கள் இரண்டு மடங்கானால் இந்த உழைப்பு நான்கு மடங்காகும். பேட்ரிக் பர்ன்ஸ் தம் ‘ஆர் இன்ஃபெர்னோ’ நூலில், தாந்தேயின் நரக வட்டங்களைப் போலப் பிழைகளை அடுக்கி, இரண்டாம் வட்டத்தை இந்தப் பழக்கத்துக்கே ஒதுக்கினார். மிகையென்று எனக்குத் தோன்றவில்லை.

மேட்லேபிலும் ஆரிலும் இன்னொரு சிக்கலும் உண்டு. 1970-களின் பிற்பகுதியில் கிளீவ் மோலர் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்களுக்காக முதல் மேட்லேபை எழுதியது ஃபோர்ட்ரானில். ஃபோர்ட்ரான் அணியை நிரல் நிரலாகச் சேமிக்கும். மேட்லேபுக்கும் ஆருக்கும் அதே வழக்கம். முதல் மானியின் எல்லா நாள்களும் முதலில், பிறகு இரண்டாவது மானியின் நாள்கள். ஒரு நாளைக் கூட்டினால் 100 நிரல்களின் வாலிலும் ஒவ்வோர் எண்ணைச் செருக வேண்டும். கடைசியில் காலியிடம் இருந்தாலும் பயனில்லை, இரண்டாவது நிரல் முதல் எல்லாம் நகர்ந்தாக வேண்டும். நம்பை வழக்கமாக நிரை நிரையாகச் சேமிக்கிறது, அதனால் செருகும் தொல்லை அங்கே இல்லை. ஆனாலும் அதன் அப்பெண்ட் ஒவ்வொரு முறையும் முழு நகல் எடுக்கும். பைத்தான் லிஸ்ட்டின் அப்பெண்ட் அப்படியல்ல. லிஸ்ட் வளரும்போதே கொஞ்சம் உபரி இடம் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஆகவே, நாள்களின் எண்ணிக்கை தெரிந்தால் 10,000-க்கு 100 அணியை லூப்புக்கு முன்பே உருவாக்குங்கள். உள்ளே அந்தந்த நிரையில் எண்களை எழுதினால் போதும். தெரியாவிட்டால் நிரைகளை லிஸ்ட்டில் சேர்த்துக்கொண்டே போய், லூப் முடிந்ததும் ஒரே முறை அணியாக்குங்கள். மேட்லேபின் எடிட்டர், சுற்றுக்குச் சுற்று அளவு மாறும் மாறியின் கீழே கோடிட்டே எச்சரிக்கும். அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

முன்கூட்டி உருவாக்கும் அணியைப் பூஜ்யங்களால் நிரப்பச் சொல்லித்தான் பெரும்பாலும் கற்றுத்தருகிறார்கள். மழைக் கணக்கில் அது ஆபத்து. ஒரு நாளின் கோப்பு தொலைந்து அந்த நிரை எழுதப்படாமல் போனால், அன்று 100 இடங்களிலும் துளி மழை இல்லை என்று அணி சொல்லும். சராசரி குறையும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. மேட்லேபிலும் நம்பையிலும் என்ஏஎன் (‘எண் அல்ல’ என்னும் குறி) கொண்டு நிரப்புங்கள். ஆரில், விடுபட்டதைக் குறிக்கும் என்ஏ-வை வெறுமனே போடாமல், எண்வகை என்ஏ-வைப் போடுங்கள். விடுபட்ட நாள் விடுபட்டதாகவே தெரியும். சராசரி எடுக்கும்போது விடையும் என்ஏஎன் (ஆரில் என்ஏ) என்று வந்து நின்றால், எந்தக் கோப்பு காணவில்லை என்று அப்போதே தேடலாம்.