எடைக்குப் போகும் வரலாறு

சென்னையை அடுத்த வேப்பம்பட்டில், ஒருகாலத்தில் வயலாக இருந்த நிலங்களில் இன்று வீடுகளுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். அப்படித் தோண்டும் தொழிலாளியின் கடப்பாரையில் களிம்பேறிய பழைய செம்புப் பானை ஒன்று தட்டுப்பட்டால், அது எங்கே போகும்? வட்டாட்சியர் அலுவலகத்துக்கா, பழைய பாத்திரக் கடைக்கா?

விடை எளிது. எடைக்குப் போட்டால் உடனே காசு கிடைக்கும்.

உலோகக் கலங்களின் விதியே இதுதான். முதலாம் ராஜராஜன் (985-1014) காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொன், வெள்ளிக் கலங்களை 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்து, தளிகை, மண்டை, கெண்டி, வட்டில் எனப் பெயர் சொல்லிக் கல்வெட்டில் பொறித்தனர். பட்டியல் நிற்கிறது, கலங்கள் இல்லை. செம்புக்கும் வெண்கலத்துக்கும் அதே கதிதான். மண்பானை உடைந்தால் ஓடாக மண்ணில் தங்கும். உலோகப் பானை ஓட்டையானால் உருகி வேறொரு பானையாகும். ஆகவே, இடைக்காலச் சமையற்கலம் ஒன்று முழுதாகக் கிடைப்பது அரிது.

அப்படி ஒன்று கிடைத்தால் அது நிறையப் பேசும். தமிழகத்தில் வெள்ளீயச் சுரங்கம் இல்லை. எனவே வெண்கலக் கலத்தில் உள்ள வெள்ளீயம் தொலைதூர வணிகத்தின் சான்று. ஒட்டுப்போட்ட அடிப்பாகம் உலோகத்தின் அருமையைச் சொல்லும். ஒட்டியிருக்கும் கரி, காலத்தைக் கணிக்க உதவும். ஆனால், கிடைத்த இடமும் ஆழமும் உடன் கிடந்த பொருள்களும் பதிவானால்தான் இவை முழுமையான சான்றாகும்.

நியூசிலாந்தில் மாவோரி மக்கள் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலக் கலத்தை, 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்துப் பெற்றார். அது தமிழ் எழுத்து பொறித்த கப்பல் மணியின் உடைந்த பகுதி! எழுத்து இருந்ததால் அது யாருடையது என்று தெரிந்தது. முதலில் கிடைத்த இடம் முறையாகப் பதிவாகாததால், அங்கே எப்படிச் சென்றது என்பது இன்றும் புதிர்.

நம் சட்டம் என்ன செய்கிறது? 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமையாளர் இல்லாத புதையலில், வேறு உடன்பாடு இல்லையெனில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நில உரிமையாளருக்குக் கால் பங்கு. அரசு அதைத் தானே எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பானையின் உலோக மதிப்பு 1,000 ரூபாய் என்றால் அரசு தருவது 1,200. அதில் தொழிலாளிக்கு 900. நில உரிமையாளருக்கு 300. பழைய பாத்திரக் கடைக்காரர் 100 ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் தொழிலாளிக்கு அதே 900. அதுவும் அன்றைக்கே, அலைச்சல் இல்லாமல். இதில் அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. வரலாற்றுப் பொருளுக்கு உருக்கு விலை நிர்ணயித்தது சட்டம்தான்.

பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதையலுக்கான வெகுமதி சந்தை மதிப்பை ஒட்டி நிர்ணயிக்கப்படுகிறது. நாமும் உலோக எடையை விட்டு வரலாற்று மதிப்பை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். கண்டெடுத்தவருக்குத் தாமதமின்றி வெகுமதி வழங்க வேண்டும். தகவல் தருவதை எளிதாக்க வேண்டும். கலத்தை அசைக்காமல் தகவல் சொன்னவருக்குக் கூடுதல் தொகை தந்தாலும் தகும்.

உருக்கிய பானையை எந்த விலை கொடுத்தும் மீட்க முடியாது.