கொளுத்தாத கற்பூரம் எங்கே போகிறது?

திருத்தணிப் படிகளில் ஒரு விஞ்ஞானப் பாடம்

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ, அத்தனை படி! ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ந் தேதி இங்கே படித் திருவிழா நடக்கிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் ஆதலால், தமிழரும் தெலுங்கரும் திரண்டு வருகிறார்கள். படிகளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இடுகிறார்கள். படிதோறும் கற்பூரம் ஏற்றுகிறார்கள்.

அந்தக் கற்பூரத்திலேயே ஒரு விஞ்ஞானப் பாடம் இருக்கிறது.

இரண்டு வழி

கற்பூரத்தைக் கொளுத்தினால், அது காற்றில் உள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து எரிகிறது. கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. கொஞ்சம் கரிப்புகையும் எழுகிறது. இவற்றில் எதுவும் கற்பூரம் அல்ல. எல்லாம் புதுப் பொருள்கள். இதுதான் ரசாயன மாற்றம்.

கொளுத்தாமல் திறந்து வைத்தாலும் கற்பூர வில்லை நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகும். யாரும் திருடவில்லை! அது உருகாமலே நேராக ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. நம் மூக்கில் ஏறும் வாசனை அந்த ஆவிதான். ஆவியைக் குளிர வைத்தால் மறுபடி வெள்ளைக் கற்பூரமாகவே படியும். பொருள் மாறவில்லை, நிலைதான் மாறியது. இது பௌதிக மாற்றம்.

பள்ளிப் புத்தகங்களில் இவற்றை வேதியியல் மாற்றம், இயற்பியல் மாற்றம் என்கிறார்கள்.

பழையபடி ஆகுமா?

"பழையபடி ஆனால் பௌதிகம், ஆகாவிட்டால் ரசாயனம்" என்று பலர் சொல்வதுண்டு. இந்தக் கணக்குச் சரியல்ல.

திருத்தணியில் சந்தனம் விசேஷம். இந்திரன் கொடுத்த கல்லில் அரைத்தது என்பது ஐதீகம். அரைத்த சந்தனத்தை மறுபடி கட்டையாக்க முடியுமா? முடியாது. ஆனாலும் அது சந்தனமே. கட்டை விழுதானது, அவ்வளவுதான். ஆகவே இது பௌதிக மாற்றம்.

இனி ஆரத்தியைப் பாருங்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் இரத்தச் சிவப்பாகிறது. மஞ்சளில் உள்ள நிறப்பொருளைச் சுண்ணாம்பு வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. இது ரசாயன மாற்றம். கலந்தவுடனே அதில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பி வரும்! திரும்பி வந்ததால் அது பௌதிக மாற்றம் ஆகிவிடாது. எலுமிச்சைப் புளிப்பு செய்ததும் ஒரு ரசாயன மாற்றமே.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: புதுப் பொருள் உண்டானதா?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பாடம் பரீட்சைக்கு மட்டும் அல்ல. பூஜைக் கற்பூரம் பார்ப்பதற்குக் கற்கண்டு போல இருக்கும். குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். வாயில் கரைந்துவிட்டதே என்று சும்மா இருக்கக்கூடாது. கரைந்தாலும் அது கற்பூரமே. அதன் விஷம் போய்விடாது. சிறிதளவு உள்ளே போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அப்படி நேர்ந்தால் கை வைத்தியம் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். மீதிக் கற்பூரத்தையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

கற்பூரத்தை இறுக மூடும் டப்பாவில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கற்பூரமும் ஆவியாகிப் போகாது. குழந்தைக்கும் ஆபத்து இராது.