இம்பூறல் (சாயவேர்)

இம்பூறல் என்பது மணற்பாங்கான நிலத்தில் தரையோடு படர்ந்து வளரும் ஒரு சிறு மூலிகை. இதன் வேருக்குச் சாயவேர் என்று பெயர். தாவரவியல் பெயர் ஓல்டன்லாண்டியா அம்பெல்லேட்டா. காப்பிச் செடி, நுணா, மஞ்சிட்டி ஆகியவை சேர்ந்த ரூபியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றவும், இருமல், இரைப்பு, சளியில் இரத்தம் வருதல் ஆகியவற்றுக்கு மருந்தாகவும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

செடி

புல்லைப் போல ஒடுங்கிய இலைகளும், கொத்தாகப் பூக்கும் மிகச் சிறிய வெள்ளைப் பூக்களும் கொண்டது. பார்த்தால் களை என்றே தோன்றும். பிடுங்கிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். செடியின் அளவுக்குப் பொருந்தாத நீளத்தில், மெல்லிய, செம்மஞ்சள் நிற வேர் வரும். சாயம் அந்த வேரின் பட்டையில் இருக்கிறது.

இதே இனத்தைச் சேர்ந்த ஓல்டன்லாண்டியா கோரிம்போசா என்ற செடியைக் கேரள ஆயுர்வேத வைத்தியர்கள் பர்ப்பாடகம் என்று காய்ச்சலுக்குப் பயன்படுத்துகின்றனர். தமிழ்நாட்டுச் சித்த மருத்துவத்திலோ பற்பாடகம் என்பது முற்றிலும் வேறொரு செடி. காய்ந்து கட்டாக வரும் நிலையில் இவற்றைக் கண்ணால் பிரித்தறிவது எளிதன்று. நாட்டு மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

சாயவேரும் வடசென்னைக் கரையும்

சோழமண்டலக் கடற்கரையின் துணி வணிகத்தில் இந்த வேருக்குப் பெரிய பங்கு உண்டு. துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகார நீர் இட்டு, பிறகு சாயவேர்ப் பொடி போட்ட நீரில் காய்ச்சுவார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். எத்தனை முறை வெளுத்தாலும் போகாத சிவப்பு அது. ஐரோப்பியர் இந்தக் கரைக்கு வந்து கிடந்ததற்கு இத்தகைய துணிகளும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் இந்த வேருக்கு வழங்கும் 'சாய்' என்ற பெயரே தமிழிலிருந்து போனதுதான்.

எண்ணூருக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை கட்டி, சாயத் துணிகளைத் தென்கிழக்கு ஆசியாவுக்கு ஏற்றுமதி செய்தனர். ஆங்கிலேயக் கம்பெனி சென்னையில் துணி வெளுப்பவர்களைக் குடியமர்த்திய இடம் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களுக்காகத் திருவொற்றியூரில் உருவாக்கிய குடியிருப்பு காலெட் பேட்டை. மக்கள் வாயில் அது காலடிப்பேட்டை ஆகிவிட்டது. இன்று மெட்ரோ நிலையத்தின் பெயராகப் படிக்கும் பலருக்கு அதில் ஒரு ஆளுநர் ஒளிந்திருப்பது தெரியாது.

கிளிஞ்சல் கலந்த மணலில் விளைந்த வேர்தான் நல்ல சிவப்புத் தரும் என்று சாயக்காரர்கள் கருதினர். இதற்கு வேதியியல் காரணம் உண்டு. வேரில் உள்ள முதன்மையான சாயப்பொருள் அலிசரின். அது படிகாரத்தில் உள்ள அலுமினியத்தோடும், கிளிஞ்சலில் உள்ள கால்சியத்தோடும் சேரும்போது கரையாத சிவப்பு நிறமியாகிறது. ஆய்வுக்கூடங்களில் எலும்பைச் சிவப்பாகக் காட்ட இன்றும் அலிசரினிலிருந்து செய்த சாயத்தைப் பயன்படுத்துவது இதனால்தான். எலும்பிலும் கால்சியம் இருக்கிறதல்லவா?

1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இரு வேதியியலாளர்கள் அலிசரினைச் செயற்கையாகத் தயாரித்தனர். ஆலையில் மலிவாகக் கிடைத்த பிறகு, மணலைத் தோண்டி மெல்லிய வேரைச் சேர்க்கும் தொழில் நிலைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அரசின் கட்டுப்பாட்டில் நடக்கும் அளவுக்கு மதிப்பு வாய்ந்திருந்த வேலை அது. இயற்கைச் சாயத்தில் ஆர்வமுள்ள சிலர் இப்போது மீண்டும் இந்த வேரைத் தேடுகிறார்கள்.

மருத்துவப் பயன்

சாயத் தொழில் போனாலும் மருந்துக் கடையில் இம்பூறல் தங்கிவிட்டது. சித்த மருத்துவத்தில் வேர், இலை, முழுச்செடி மூன்றும் பயன்படுகின்றன. இருமல், இரைப்பு, கோழைக்கட்டு ஆகியவற்றுக்கு வேரைக் கஷாயமாக்கிக் கொடுப்பர். உலர்ந்த இலைப் பொடியை மாவில் கலந்து அடையாகச் சுட்டு, இரைப்பு நோயாளிகளுக்கும் க்ஷய நோயாளிகளுக்கும் கொடுக்கும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டு மருந்து நூல்கள் குறித்துள்ளன. இன்று இம்பூறல் வடகமாகவும் மாத்திரையாகவும் கிடைக்கிறது.

இதன் பெரும்புகழ் இரத்தம் கக்குவதை நிறுத்துவது. இம்பூறல் ஒன்று இருப்பதை அறியாமல் இரத்தம் கக்கிச் செத்தான் என்ற பொருளில் ஒரு சொலவடையே உண்டு. சிவந்த வேர் இரத்தத்துக்கு நல்லது என்ற எண்ணமும் இந்தப் புகழுக்குத் துணை நின்றிருக்கலாம். இதே குடும்பத்து மஞ்சிட்டியை ஆயுர்வேதம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மருந்தாகக் கூறுவதை இங்கே ஒப்பிடலாம்.

தற்கால ஆய்வுகள் இந்தச் செடியின் சாறு சில நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைத் தடுப்பதாகவும், எலிகளில் கல்லீரல் பாதிப்பைக் குறைப்பதாகவும் கூறுகின்றன. இவை ஆய்வுக்கூட அளவிலும் விலங்குகளிலும் நடந்தவை. கிண்ணத்தில் கிருமி சாவதும் நோயாளியின் நுரையீரலில் கிருமி சாவதும் ஒன்றல்ல. அறிவியல் படிக்கும் மாணவர்கள் செய்தித்தாளில் "மூலிகை கிருமியைக் கொல்கிறது" என்று படிக்கும்போது, எங்கே கொன்றது என்று கேட்டுப் பழக வேண்டும்.

"இயற்கைதானே, என்ன செய்துவிடும்?" என்ற பேச்சும் சரியன்று. அலிசரின் தரும் மற்றொரு வேர் ஐரோப்பிய மஞ்சிட்டி. அதில் உள்ள லூசிடின் என்ற பொருள் மரபணுவைப் பாதிப்பது தெரிந்த பின், ஒருகாலத்தில் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுத்துவந்த அந்த வேர் மருந்தை ஜெர்மனியில் கைவிட்டனர். இம்பூறலை மாதக்கணக்கில் தொடர்ந்து உட்கொள்வதற்கு முன், குறிப்பாகக் கர்ப்பிணிகள், தகுதிபெற்ற சித்த மருத்துவரைக் கேட்பது அவசியம்.

சளியில் இரத்தம்

இம்பூறலைப் பற்றி எழுதும்போது இந்தப் பகுதியைத்தான் விரிவாக எழுத வேண்டும். ஏனென்றால் சளியில் இரத்தம் வருவது நோயன்று, நோயின் அடையாளம். நம் நாட்டில் அதற்கு முக்கியமான காரணம் காசநோய். மூச்சுக்குழாய் விரிந்து போதல், நிமோனியா, நுரையீரல் புற்றுநோய் ஆகியவையும் காரணமாகலாம். ஈறிலிருந்தோ மூக்கிலிருந்தோ வந்த இரத்தமும் சளியோடு கலந்து வரக்கூடும். நுரையீரலிலிருந்து வருவது பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பாகவும் நுரையோடும் இருக்கும். இரைப்பையிலிருந்து வாந்தியில் வருவது பெரும்பாலும் கருத்து, காப்பித்தூள் போல இருக்கும்.

காசநோயில் வரும் இரத்தம் பல சமயம் சில நாட்களில் தானாகவே நின்றுவிடும். அந்த நாட்களில் இம்பூறல் குடித்தவர், இம்பூறல் நிறுத்தியது என்பார். வேறெதையாவது குடித்திருந்தால் அதற்கு அந்தப் பெயர் போயிருக்கும். இரத்தம் நின்றாலும் கிருமி நிற்பதில்லை. அது நுரையீரலை அரித்துக்கொண்டே இருக்கும், இருமும்போது வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். மருந்தே இல்லாத காலத்தில் இரத்தம் நின்றதைக் கண்டு நிம்மதியடைந்த வைத்தியரைக் குறைசொல்ல முடியாது. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் அறிவித்ததே 1882இல்தான். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940களில்.

இந்த நோயின் சிகிச்சை வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1956இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். நல்ல உணவும் ஓய்வும் சானடோரியத்தில்தான் கிடைத்தன. ஆனால் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தனர். 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோயாளிகளைப் படுக்கை தேடி அலையாமல் வீட்டிலேயே குணமாக்க வழிவகுத்தது. அந்த மையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இன்றும் இயங்குகிறது.

வடசென்னையில் இருமலுக்குக் காரணம் சொல்வது மிக எளிது. இராயபுரத்தில் பல ஆண்டுகள் துறைமுக நிலக்கரித் தூள் மேல் பழி விழுந்தது. 2011இல் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்துகொண்டது. தூசியால் இருமல் வருவது உண்மைதான். அதனாலேயே உண்மையான காசநோயும் "தூசி இருமல்" என்ற பெயரில் வாரக்கணக்கில் மறைந்திருக்க முடிகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். இரத்தம் ஒரு முறை வந்தாலே போதும், இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அதிகமாக வந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

பரிசோதனையும் மருந்தும் நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளிலும் இலவசம். மருந்துக்குக் கட்டுப்படும் வழக்கமான காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த அரசு உதவி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய் ஆகியுள்ளது.

மருந்து தொடங்கியவர்களுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். இரத்தம் போகிறது என்று பயந்து சிலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். கெடுதல் இல்லை. காசநோய் மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும் என்பதால், கூடவே இம்பூறலோ வேறு நாட்டு மருந்தோ சாப்பிடுவதானால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. பெயர் சொல்லத் தெரியாவிட்டால், வீட்டில் உள்ள மருந்து டப்பாவையோ பொட்டலத்தையோ அப்படியே எடுத்துச் சென்று காட்டலாம்.