கையெழுத்துப் போட்ட ஜீன்ஸ்!

நீங்க போட்டிருக்கற ஜீன்ஸை யார் தைச்சதுன்னு தெரியுமா? பிராண்ட் பேர் டக்குனு வரும். தைச்சவர் பேர்? ம்ஹூம்! ஆனா, வேல்ஸ்ல ஆரம்பிச்ச ஒரு குட்டிக் கம்பெனி, தைச்சவங்களே உள்பக்கம் கையெழுத்துப் போட்ட ஜீன்ஸை வித்துப் பேர் வாங்குச்சு. அதுதான் 'ஹையுட் டெனிம்'.

ஊர் பேர் கார்டிகன். ஸ்வெட்டர் பேர் மாதிரி இருக்கேங்கறீங்களா? ஊர் பேரேதான்! மொத்தமே சுமார் 4,000 பேர். அதுல 400 பேருக்கு, ஊர்ல இருந்த ஒரு பெரிய ஃபேக்டரியில ஜீன்ஸ் தைக்கற வேலை. வாரத்துக்கு 35,000 ஜீன்ஸ்! கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஓடின அந்த மெஷின்கள் 2002-ல நின்னுபோச்சு. குறைஞ்ச செலவுல தைக்கலாம்னு வேலை மொராக்கோவுக்குப் போயிடுச்சு. ஊர்ல பத்துல ஒருத்தருக்கு வேலை காலி.

வேலை போச்சு... கைப்பழக்கம் போகுமா? அதை நம்பி களத்துல குதிச்சாங்க டேவிட் ஹையட், க்ளேர் ஹையட் தம்பதி. ஏற்கெனவே 'ஹவீஸ்'னு ஒரு டிரஸ் கம்பெனியை நடத்தி வித்தவங்க. 2011-ல ஹையுட்டை ஆரம்பிச்சு, பழைய ஃபேக்டரி ஆட்களையே கூப்பிட்டாங்க. ஜப்பான், இத்தாலின்னு நல்ல மில்கள்ல இருந்து துணி வரும். வெட்டறதும் தைக்கறதும் கார்டிகன்ல. தைக்கறவங்களுக்கு அங்கே பட்டம் என்ன தெரியுமா? 'கிராண்ட் மாஸ்டர்'!

இவங்க ஆரம்பிச்ச 'நோ வாஷ் கிளப்'ல சேரணும்னா ஆறு மாசம் ஜீன்ஸைத் துவைக்கக் கூடாது. (ஹாஸ்டல் பசங்க இதுல எப்பவோ லைஃப் மெம்பர்!) காரணம் இருக்கு பாஸ். டெனிம் நூல்ல நீலச் சாயம் மேலாகத்தான் பிடிச்சிருக்கும், நடுவுல வெள்ளை. துவைக்காம போடப் போட, மடங்கற இடம் மட்டும் உரசி வெளுக்கும். நீங்க நடக்கற, உட்கார்ற விதமே அதுல டிசைனா விழும். அப்புறம் கிழிஞ்சா? வாழ்நாள் முழுக்க ரிப்பேர் இலவசம்னு சொல்லித்தான் வித்தாங்க. விலை மட்டும் நம்ம பாக்கெட் மணிக்கு எட்டாத உயரம்!

2018 ஜனவரியில, அப்போ இளவரசர் ஹாரியோட வருங்கால மனைவியா இருந்த மேகன் மார்க்கல், கார்டிஃப் நகரத்துக்கு இவங்க கறுப்பு ஜீன்ஸைப் போட்டுக்கிட்டு வந்தாங்க. அவ்வளவுதான்... ஆர்டர் குவிஞ்சு, மாசக்கணக்குல வெயிட்டிங் லிஸ்ட்!

400 பேருக்கும் திரும்ப வேலைங்கறதுதான் ஹையட் தம்பதியோட கனவு. கூட்டம் கூடின அந்த 2018-லகூட டீம் என்னவோ அதுல ஒரு சின்னப் பங்குதான். மூடறதுக்கு ஒரு நாள் போதும், கட்டி எழுப்ப வருஷங்கள் வேணுமே! ஆனா, வேலை போன கையெழுத்துக்கு மறுபடி ஒரு மதிப்பு கிடைச்சுதே... அது சின்ன விஷயமா?

முட்டியில கிழிஞ்சா ஃபேஷன், சரி. வேற எங்கேயாவது கிழிஞ்சா உடனே தூக்கிப் போடாதீங்க. தெருமுனை டெய்லர் அண்ணன்கிட்ட ஒரு எட்டு கொண்டு போங்க. அப்படியே அவர் பேரையும் கேட்டுட்டு வாங்க!