அப்பா விட்டுப்போன புல்லட்: 6 வோல்ட்டா? 12 வோல்ட்டா?

லாரி மோத வந்ததால் வீட்டில் தகராறு, புதுப்பேட்டையில் தீர்ந்தது!

சென்னை,-

செத்துப்போன அப்பாவின் மோட்டார் சைக்கிள். அதன் வயரிங்கை அப்படியே விடுவதா, புதிதாக மாற்றுவதா? இந்தக் கேள்வியால் திருவொற்றியூரில் ஒரு குடும்பமே இரண்டு பட்டது.

அந்த வாலிபர் துறைமுகம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வேலைக்குப் போய்வர அவருக்கு இருப்பது ஒரே வண்டி. 50 வயது தாண்டிய புல்லட்.

சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி 1955-ல் தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் இருந்து புல்லட் வண்டிகள் வந்தன. அங்கே வேலை பார்த்தவர் இவருடைய அப்பா. சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வண்டி. கடைசிவரை வேறு யார் கையையும் அதில் படவிட்டதில்லை.

லாரி வந்தது

போன மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு 9 மணி. காசிமேடு தாண்டி எண்ணூர் விரைவு சாலையில் வந்துகொண்டிருந்தார் வாலிபர். முன் விளக்கு அகல் விளக்கு மாதிரி மஞ்சளாக எரிந்தது. பின் விளக்கோ மினுக் மினுக்கென்று கண்ணடித்துவிட்டு அணைந்துபோனது. அது அவருக்குத் தெரியாது.

பின்னால் கன்டெய்னர் லாரி. பிரேக் போட்ட சத்தம் கேட்டதும் ஹேண்டில்பாரை ஒடித்து மண்ணில் இறங்கினார். உயிர் பிழைத்தது. முழங்காலில் 4 தையல்.

லாரி டிரைவர் தலையை நீட்டினார். "யோவ்! லைட்டே இல்லாம வர்றியே, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

ஆளுக்கு ஒரு கட்சி

"அந்த எமனை வித்துத் தொலை" என்றார் அம்மா.

"12 வோல்ட்டா மாத்திடு. எல்.இ.டி. பல்பு போடு. பகல் மாதிரி இருக்கும்" என்றனர் நண்பர்கள்.

"ஒரு வயரைத் தொட்டே, அப்புறம் என் முகத்துல முழிக்காதே" என்றார் பெரியப்பா. அவரும் அதே தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். "ஒரிஜினல் போச்சுன்னா வண்டியே போச்சு. உங்கப்பன் கை பட்ட வயருடா அது" என்றார்.

கடைசியில் மூவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வண்டியைப் புதுப்பேட்டைக்குக் கொண்டுபோவது. பெரியப்பாவும் கூடவே கிளம்பினார், காவலுக்கு!

ஒரு வோல்ட் திருட்டு

புதுப்பேட்டை மெக்கானிக் ஸ்பானரைத் தொடவில்லை. முதலில் மீட்டரை எடுத்தார்.

முன் விளக்கைப் போட்டுவிட்டு பேட்டரியில் வைத்துப் பார்த்தார். 6 வோல்ட் காட்டியது. பல்பு இருக்கும் இடத்தில் வைத்தார். 5 வோல்ட்தான்!

"ஒரு வோல்ட்தானேண்ணே?" என்றார் வாலிபர்.

"தம்பி, அந்த ஒரு வோல்ட்டுல உன் வெளிச்சம் ஏறக்குறைய பாதி போச்சு" என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னது சரிதான். இழை பல்புக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் பல மடங்கு வேகத்தில் குறையும். 10 சதவீதம் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும்.

ஒரு வோல்ட்டைத் திருடியது யார்? வெளுத்துப்போன வயர், துருப்பிடித்த எர்த்து, கறுத்துப்போன ஸ்விட்ச் முனை. மூன்றும் கூட்டுக் களவாணிகள்.

பேட்டரிப் பெட்டியைத் திறந்தபோது இன்னொரு அதிர்ச்சி. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள்! எங்காவது வயர் உரசினால் வெள்ளித்தாள் எளிதில் உருகாது. வயர்தான் பற்றி எரியும். அதற்கு மேலே பெட்ரோல் டாங்கி.

பெரியப்பா வெள்ளித்தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது என் தம்பி பிடிக்கிற பிராண்டுதான்" என்றார். அதற்குப் பிறகு வயரைத் தொடாதே என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

12-ல் என்ன லாபம்?

30 வாட் பல்பு 6 வோல்ட்டில் எரிய 5 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் போதும். மின்சாரம் பாதியானால் வயரில் நஷ்டமும் பாதி. 12-ல் அரை வோல்ட் போனால் பல்புக்கு உறைக்காது. பல்பு, ஹாரன், பேட்டரி எல்லாம் 12 வோல்ட்டில் சுலபமாகக் கிடைக்கும்.

அப்படியானால் மாற்றிவிட வேண்டியதுதானே?

"அங்கதான் இருக்கு சங்கதி" என்றார் மெக்கானிக்.

இந்த வண்டியில் இருப்பது மாக்டைனோ. மாக்னெட்டோவும் டைனமோவும் ஒன்றாகச் சேர்ந்தது. பிளக்குக்கு நெருப்பு கொடுப்பது மாக்னெட்டோ. அதற்குப் பேட்டரி தேவை இல்லை. பேட்டரி செத்தாலும் வண்டி ஓடும். அதனால்தான் விளக்கு செத்தது தெரியாமலே பலர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பேட்டரிக்கு சார்ஜ் கொடுப்பது டைனமோ. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டால் 6 வோல்ட் டைனமோவையே 12 வோல்ட் கொடுக்க வைக்கலாம். ஆனால் அதற்கு டைனமோ வேகமாகச் சுற்றவேண்டும்.

"நீ தினம் போற ரூட்டு எது தம்பி?"

"ராயபுரம், காசிமேடு, எண்ணூர் ரோடுண்ணே."

"லாரிக்கு நடுவுல ஊர்ந்துதானே போவே? எஞ்சின் எங்க வேகமா சுத்தும்? 12-ஆ மாத்தினா சார்ஜ் ஏறாது. பேட்டரிதான் காலியாகும். ஹைவேஸ்ல ஓட்டறவனா இருந்தா நானே மாத்திடுன்னு சொல்லியிருப்பேன்" என்றார் மெக்கானிக்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த வண்டியில் பாசிட்டிவ்தான் எர்த்து. இப்போதைய வண்டிகளுக்கு நேர் எதிர். அதைக் கவனிக்காமல் எல்.இ.டி. பல்போ எலக்ட்ரானிக் ரெகுலேட்டரோ மாட்டினால் எரியாது, அல்லது கருகிவிடும்.

பாயின்ட், காயில் உள்ள பழைய வண்டிகளுக்குக் கணக்கு வேறு. அங்கே பேட்டரி செத்தால் பிளக்கில் நெருப்பும் தடுமாறும். 12-க்கு மாற்றும்போது காயிலையும் சேர்த்து மாற்றவேண்டும். பழைய 6 வோல்ட் காயிலை விட்டுவைத்தால் சூடேறிக் கெடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"வின்டேஜ் வண்டின்னு பதிவு செஞ்சா மதிப்பு ஏறுமே" என்று பெரியப்பா கேட்டார்.

அதற்கான மத்திய அரசு விதி 2021-ல் வந்தது. 50 வயது தாண்டிய வண்டி, அசல் வடிவத்தில் இருக்கவேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. நம்பர் பலகையில் 'வி.ஏ.' எழுத்து வரும். முதல் பதிவுக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய் என்று விதியில் உள்ளது.

ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியில் தினமும் ஆபீசுக்குப் போகமுடியாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க. இதற்குத்தான் ரோட்டுக்கு வரலாம்.

"எனக்கு சோறு போடறதே இந்த வண்டிதான், பெரியப்பா" என்றார் வாலிபர். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

தீர்ப்பு

6 வோல்ட்டே இருக்கட்டும் என்று முடிவானது. ஆனால் வயரிங் முழுவதும் புதுசு, கனமான வயரில். எர்த்து முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து தனி வயர் இழுத்தார்கள். டைனமோவுக்குப் புது கார்பன் பிரஷ். வெள்ளித்தாளுக்குப் பதில் நிஜ பியூஸ். பின்னால் மட்டும் பாசிட்டிவ் எர்த்துக்கு ஏற்ற 6 வோல்ட் எல்.இ.டி. விளக்கு.

மெக்கானிக் மறுபடி மீட்டரை வைத்தார். பேட்டரியில் 6. பல்பில் 5.8!

கழற்றிய பழைய வயரைப் பெரியப்பா தூக்கிப்போட விடவில்லை. சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று இரவு தெருமுனையில் நின்றுகொண்டு, "போய்க்கிட்டே இருடா, நான் சொல்றவரைக்கும் போ" என்றார். சிவப்பு விளக்கு தெருக்கோடி வரை பளிச்சென்று தெரிந்தது. வாசலில் நின்ற அம்மாவும் பார்த்தார். வண்டியை விற்கும் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் 6-ஆ 12-ஆ என்று குழம்புவதற்கு முன் இன்று இரவே ஒரு காரியம் செய்யலாம். இருட்டில் விளக்கைப் போட்டுவிட்டு, வண்டிக்குப் பின்னால் 50 அடி தள்ளிப் போய் நின்று பாருங்கள். உங்களுக்கே தெரியாத வண்டி லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்?